‘டயட்ல இருக்கேன்மா!’ - டீன் ஏஜ் மகளின் தட்டைக் கொஞ்சம் கவனியுங்கள்

காலை ஏழரை மணி. ஸ்கூல் வேன் வரும் நேரம். “ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுட்டுப் போடி” என்று தட்டோடு வாசல் வரை வருகிறார் அம்மா. “வேணாம்மா, டயட்ல இருக்கேன்” என்றபடி ஷூ மாட்டுகிறாள் 14 வயது மகள். இடைவேளையில் தோழியின் சிப்ஸ் பாக்கெட்டில் கை போகும். மதிய டப்பா பாதி அப்படியே திரும்பி வரும். மாலையில் பசி தாங்காமல் பேக்கரி பஃப்ஸ். இரவு படுக்கும்போது, ‘இன்னைக்கும் கன்ட்ரோல் போச்சே’ என்ற குற்ற உணர்ச்சி. மறுநாள் மறுபடியும் இட்லிக்கு ‘நோ’.

பல வீடுகளில் நடக்கும் காட்சிதான் இது. டயட் என்றால் ‘சாப்பிடாமல் இருப்பது’, ஆரோக்கிய உணவு என்றால் ‘ஓட்ஸும் கிரீன் டீயும்’ என்றுதான் பல பெண் பிள்ளைகள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். டயட் என்ற சொல்லுக்கு உணவுமுறை என்றுதான் பொருள். பட்டினி என்று பொருள் இல்லை.

வளரும் உடம்பு கேட்பது என்ன?

பூப்பெய்தும் வயதில் இடுப்பு அகலமாவதும், உடம்பில் கொழுப்பு சற்றுக் கூடுவதும் இயல்பு. அதை ‘குண்டாயிட்டேன்’ என்று பயந்து உணவைக் குறைக்கும்போதுதான் சிக்கல். பெரியவர்களுக்கான பி.எம்.ஐ. அளவும் இவர்களுக்குப் பொருந்தாது. வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு தினமும் 30 மில்லிகிராம் இரும்புச்சத்து, 1,000 மில்லிகிராம் கால்சியம், சுமார் 43 கிராம் புரதம் தேவை. காலையுணவைத் தவிர்த்தால் இதை ஈடுகட்டுவது கடினம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், இந்தியாவின் 15-19 வயதுப் பெண்களில் 59 சதவிகிதத்தினருக்கு ரத்தசோகை இருப்பது தெரியவந்தது. படிக்கும்போது வரும் தூக்கத்துக்கும், மாடிப்படி ஏறினால் வாங்கும் மூச்சுக்கும் அதுவும் காரணமாக இருக்கலாம்.

சமையலறையிலேயே இருக்கிறது

இட்லியோ, சோறோ எதிரி இல்லை. கூடவே பருப்பு, முட்டை அல்லது மீன், ஒரு கீரை, தயிர் இருக்கிறதா என்று பாருங்கள். கேழ்வரகில் கால்சியம் அதிகம். கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்டவுடன் டீ, காபி குடித்தால் குறையும். மாலையில் பஃப்ஸுக்குப் பதில் சுண்டல், கடலைமிட்டாய், கொய்யா கொடுக்கலாம். பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாமல் சாப்பிடுகிறாளா என்றும் கேளுங்கள்.

அம்மாக்கள் கவனத்துக்கு...

‘என்னடி இப்படி ஊதிட்டே?’ என்று உறவினர்கள் விளையாட்டாகச் சொல்வதை அங்கேயே நிறுத்துங்கள். நீங்களும் மகள் எதிரில் உங்கள் எடையைச் சொல்லிப் புலம்பாதீர்கள். இரவு உணவையாவது ஒன்றாக அமர்ந்து சாப்பிடுங்கள்.

எடை வேகமாகக் குறைவது, மூன்று மாதங்களாக மாதவிலக்கு வராமல் இருப்பது, சாப்பிட்டதும் பாத்ரூம் போய் வாந்தி எடுப்பது, யார் கண்ணிலும் படாமல் உணவை மறைப்பது - இவற்றில் ஒன்று தெரிந்தாலும் திட்ட வேண்டாம். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தேவைப்பட்டால் மனநல ஆலோசனையும் பெறுங்கள். அவளுக்கு அப்போது தேவை அறிவுரை அல்ல, பக்கத்தில் ஓர் ஆள்.