எழுதுவதா, நிற்பதா?

குட்டீஸ்... நோட்டு, பென்சில் விற்கும் கடையின் ஆங்கிலப் பெயர்ப் பலகையில், 'ஸ்டேஷனரி' என்ற சொல்லை உற்றுப் பாருங்கள். 'ஆர்' எழுத்துக்கு முன், 'இ' இருந்தால், எழுதுபொருள். 'ஏ' இருந்தால், அசையாமல் நிற்பது. ஓர் எழுத்து மாறினால், எழுதுபொருள் கடை, 'அசையாத கடை' ஆகிவிடும்!

உச்சரிப்பு ஒன்றுதான், இரண்டும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. இடைக்கால இங்கிலாந்தில், பல வியாபாரிகள் ஊர் ஊராகச் சுற்றினர். ஒரே இடத்தில் கடை போட்டு, புத்தகம் விற்றவர், 'ஸ்டேஷனர்' எனப்பட்டார். அவர் விற்ற பொருள், 'ஸ்டேஷனரி' ஆனது.

மறக்காமல் இருக்க, எளிய வழி இதோ: 'பேப்பர்' என்ற சொல்லில், 'ஆர்' எழுத்துக்கு முன், 'இ' வரும், எழுதுபொருளுக்கும் அதுவே. 'கார்' என்ற சொல்லில், 'ஏ' வரும். நிற்கும் காருக்கும் அதுவே. இனி, தேர்வில் மதிப்பெண் குறையாது!