“எனக்குக் கணக்கு வராது”

திருத்திய விடைத்தாள்கள் கைக்கு வந்த மத்தியானத்தில் பத்தாம் வகுப்பு வாசலில் சற்று நின்று செவிகொடுப்போமானால், மதிப்பெண்ணைவிட அதற்குச் சொல்லப்படும் காரணங்களே சுவாரசியமானவை என்பது விளங்கும். “கேள்வித்தாள் ரொம்பக் கஷ்டம்” என்பான் ஒருவன். “திருத்தினவர் கை கஞ்சம்” என்பான் மற்றொருவன். “முந்தின நாள் ராத்திரிதான் புஸ்தகத்தையே தொட்டேன்” என்று பெருமை தொனிக்கச் சொல்வான் மூன்றாமவன். மூலையில் இருப்பவளோ, “எனக்குக் கணக்கு வராது” என்று மட்டும் சொல்லித் தாளை நான்காக மடித்துவிடுவாள்.

சாமர்த்தியம், பிரயத்தனம், பரீட்சையின் கடுமை, அதிருஷ்டம் என்று இக்காரணங்களை 1970-களில் வகைப்படுத்திய அமெரிக்க உளநூலறிஞர் பெர்னார்டு வைனர், சொல்லப்படும் காரணம் மாறக்கூடியதா, நம் கைவசத்தில் உள்ளதா என்பதைப் பொறுத்தே அடுத்த பரீட்சைக்கான ஊக்கம் அமைகிறது என்று விளக்கினார். படிக்காததைக் காரணமாகக் கொண்டவனை உறுத்தல் மறுபடி மேஜைக்கு இழுக்கலாம். மூளையைக் குறைசொன்னவளுக்கு மிஞ்சுவது வெட்கமே. (மூன்றாமவனின் பெருமையிலும் ஒரு தந்திரம் உண்டு: படிக்கவேயில்லை என்பவனின் புத்தியை யார் பழிக்க முடியும்?) அடக்கம்போல ஒலிக்கும் அப்பெண்ணின் வார்த்தையே நால்வர் சொல்லிலும் அபாயமானது என்பது என் அபிப்பிராயம்.

விசித்திரம் என்னவென்றால், அவள் வாங்கியது 78 ஆக இருக்கலாம். தமிழில் 93 வாங்கியதனால் அந்த 78 அவள் கண்ணுக்குத் தோல்வியாகத் தோன்ற, மற்றப் பாடங்களில் நாற்பதைத் தாண்டாமல் கணக்கில் மட்டும் 60 பெற்ற பையன் தன்னைக் கணக்குப் புலியென்றே நினைத்துக்கொள்வான். பாடத்தோடு பாடத்தை ஒப்பிடும் இவ்வழக்கத்தை 1986-இல் எடுத்துக்காட்டிய கல்வி உளநூலறிஞர் ஹெர்பர்ட் மார்ஷ், 2003-இல் வெளியான ஆய்வொன்றில், 26 நாடுகளின் 15 வயது மாணாக்கரைக் கொண்டு, சமமான திறமையுள்ள இருவரில் கெட்டிக்காரர் நிறைந்த பள்ளியில் பயில்பவரே தம்மைக் குறைவாக மதிக்கிறார் என்றும் காட்டினார். பெரும்பொருள் செலவிட்டுப் பேர்பெற்ற பள்ளியில் இடம் தேடும் பெற்றோர் இதை எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

தன்னைக் குறைத்து மதிக்கும் இந்த மனப்பான்மையை வளர்ப்பதில் ஆசிரியரின் இரக்கமும் சேர்ந்துகொள்கிறது. 1984-இல் உளநூலறிஞர் சாண்ட்ரா கிரஹாம் வெளியிட்ட பரிசோதனையில், புதிரில் தோற்ற ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில், பரிவு காட்டப்பட்டவர்கள் ‘நமக்குத் திறமையில்லை’ என்றும், கோபம் காட்டப்பட்டவர்கள் ‘நாம் போதிய அளவு முயலவில்லை’ என்றும் எண்ணத் தலைப்பட்டார்கள். ஆகவே, “பாவம், விடும்மா” என்று தோளைத் தட்டிச் செல்பவரைவிட, மடித்த தாளைப் பிடுங்கி விரித்து, “நாலாவது வரியில் மைனஸை எங்கே தொலைத்தாய்?” என்று அதட்டுபவரிடத்தில்தான் அவளுக்குக் கணக்கு வரும் என்ற நம்பிக்கை அதிகமாக இருக்கிறது.