வெளிநாடு போகும் சான்றிதழுக்கு ஏன் இத்தனை முத்திரை?



வீட்டுக்காரரோ மகனோ வெளிநாடு போறார்னு குழுவில் கடன் கேட்கும் உறுப்பினர்கள் நம்மிடம் உண்டு. "விசா, அட்டஸ்டேஷன் செலவு" என்று ஒரே தொகையாக எழுதித் தருவார்கள். அட்டஸ்டேஷன்னா என்னன்னு கேட்டா, "ஏஜெண்ட் பார்த்துக்குவார்" என்பதுதான் பதில். திருப்பிக் கட்டப்போறது நாமதானே, தெரிஞ்சுக்குவோம்.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் படித்த பையனின் டிப்ளமாவை துபாயில் நீட்டினால், அதில் கையெழுத்துப் போட்டவர் யாரென்று அங்கே யாருக்கும் தெரியாது. வங்கியில் நம்ம ஊக்குநர், பிரதிநிதிகளின் மாதிரிக் கையெழுத்தை வைத்துச் சரிபார்க்கிறார்கள் இல்லையா? அதே கணக்குதான். சான்றிதழில் உள்ள கையெழுத்து சரிதான் என்று முதலில் மாநில அரசு இதற்கென நியமித்த அதிகாரி முத்திரை வைப்பார். அவர் கையெழுத்தைப் பார்த்து மத்திய வெளியுறவு அமைச்சகம் வைக்கும். அதைப் பார்த்து, போகும் நாட்டின் தூதரகம் வைக்கும். ஒரு படியைத் தாண்டி அடுத்த படிக்குப் போக முடியாது.

சில நாடுகளுக்குக் கடைசிப் படி தேவையில்லை. அப்போஸ்டில் என்ற ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் வெளியுறவு அமைச்சகத்தின் ஒட்டுவில்லையையே ஏற்றுக்கொள்ளும். இந்தியாவுக்கு இது 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓமனுக்கு 2012-லும், பஹ்ரைனுக்கு 2013-லும், சிங்கப்பூருக்கு 2021-லும், சவுதிக்கு 2022 டிசம்பரிலும் வந்துவிட்டது. துபாய், குவைத், கத்தாருக்குத் தூதரக முத்திரை வேண்டும். ஆகவே சிங்கப்பூர் போறவரிடம் "தூதரகச் செலவு" என்று ஏஜெண்ட் பணம் கேட்டால், எதுக்குன்னு தாராளமா கேளுங்க. அப்போஸ்டிலுக்கு அமைச்சகம் வாங்கும் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். அமைச்சகம் நேரடியாக ஆவணம் வாங்குவதில்லை; அது நியமித்த சேவை நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்கணும், அவர்களுக்குத் தனியாகச் சிறு கட்டணம் உண்டு. 2019-லிருந்து சென்னையிலேயே இந்த வேலை முடிகிறது, டெல்லிக்கு அனுப்ப வேண்டியதில்லை.

நம்ம பெண்களுக்கு உண்மையில் சிக்கல் வருவது பெயரில்தான். ரேஷன் கார்டில் லட்சுமி, ஆதாரில் மகாலட்சுமி, பள்ளிச் சான்றிதழில் வேறு இனிஷியல். உள்ளே இருக்கும் விவரத்துக்கு முத்திரை வைப்பவர் பொறுப்பல்ல, கையெழுத்துக்கு மட்டும்தான். எல்லா முத்திரையும் விழுந்த பிறகு, பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் இதுவும் ஒத்துப்போகலைன்னு அங்கே திருப்பி அனுப்பிட்டா செலவு மொத்தமும் வீண். அதனால் திருத்தத்தை முதலில் முடிச்சுடுங்க.

அடுத்தது திருமணம். கோயிலில் தாலி கட்டியதும் பத்திரிகையும் போட்டோவும் அங்கே செல்லாது. கணவரோடு போய்த் தங்க, பதிவுச் சான்றிதழில்தான் முத்திரை வாங்கணும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் பதிவு செய்தே ஆகணும். இதுவரை செய்யாதவங்க சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரிங்க.

பத்திரமா இருக்கட்டும்னு சான்றிதழை லேமினேஷன் பண்ணிடாதீங்க, முத்திரை அதில் ஒட்டாது. ஒரிஜினலை ஏஜெண்டிடம் கொடுத்தால் என்னென்ன கொடுத்தோம் என்று எழுதி, தேதியோடு கையெழுத்து வாங்குங்க. ஜெராக்ஸ் ஒரு செட் வீட்டில் இருக்கட்டும். எழுதித் தர மாட்டேன் என்கிறவருக்குக் குழுப் பணத்தில் முன்பணம் கொடுக்கலாமா என்பதைக் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து முடிவு பண்ணுங்க.