சுவிப்ட் கரன்ட் நகரத்து வீரர்

கனடா நாட்டுச் சஸ்காச்சவான் மாநிலத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே சுவிப்ட் கரன்ட் என்னும் சிறு நகரம் உள்ளது. அந்நகரத்தாருக்குப் பனிக்கட்டித் தளத்தில் சறுக்கிச் சென்று ஆடும் ஹாக்கி ஆட்டம் உயிர் போன்றது. பந்துக்குப் பதிலாக ரப்பர் வில்லையைக் கோலால் அடித்து ஆடுவர்.

அந்நகரின் 'பிராங்கோஸ்' என்னும் இளைஞர் குழு 1967-இல் தோன்றியது. 1974-இல் லெத்பிரிட்ஜ் நகருக்குப் பெயர்ந்தது. 12 ஆண்டுகள் கழித்து அது திரும்பி வந்தபோது ஊரார் பெரிதும் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1986 டிசம்பர் 30 அன்று ரெஜைனா நகருக்கு ஆடப் புறப்பட்ட அவர்கள் பேருந்து, உறைபனி படிந்த சாலையில் வழுக்கிக் கவிழ்ந்தது. பின்புறம் அமர்ந்து சீட்டாடிக்கொண்டிருந்த 4 வீரர் மாண்டனர். குழு கலைந்துவிடும் என்றே எவரும் எண்ணியிருப்பர். எஞ்சியோரோ சின்னாட்களில் மீண்டும் தளத்தில் இறங்கினர்.

முதல் உலகப்போரில் மாண்ட கனடியர் நினைவாக 1919 முதல் வழங்கப்படும் மெமோரியல் கோப்பையே இளைஞர் குழுக்களின் தலைசிறந்த பரிசாகும். 1989-இல் சஸ்கட்டூன் நகரில் நிகழ்ந்த இறுதி ஆட்டத்தில், அந்நகரத்துக் குழுவையே பிராங்கோஸ் எதிர்த்து நின்றது. கூடுதல் நேரத்தில் 4-3 என வென்று கோப்பையைக் கொண்டது. அன்று இலக்கைக் காத்து நின்றவர், மாண்ட நால்வருள் ஒருவரின் உடன்பிறந்தார்.