உங்களுக்குத் தெரியுமா? ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ ஸ்பெஷல்!

‘வொலோலோ!’ இந்த ஒரு சத்தத்தைக் கேட்டதும் உங்கள் முகத்தில் சிரிப்பு வருகிறதா? அப்படியென்றால் நீங்கள் நம்ம ஆள்! கம்ப்யூட்டரில் கோட்டை கட்டி, கோழி கூவும் வரை போர் நடத்திய அத்தனை பேருக்கும் இந்தப் பக்கம். வருஷக்கணக்கில் தேடித் தேடிச் சேர்த்தவை. ஒன்றைக்கூட விட்டுவிடாதீர்கள்!

★ ஆட்டம் தொடங்கும்போது உங்கள் கையில் இருப்பது ஒரு டவுன் சென்டர், குதிரையில் ஒரு ஒற்றன், 3 வில்லேஜர்கள். அவ்வளவுதான்! அந்த 3 பேரை வைத்துக்கொண்டு இரண்டாம் பாகத்தில் எவ்வளவு பெரிய படை திரட்டலாம் தெரியுமா? 200 பேர்! புதுப்பித்த பதிப்பில் 500 வரை போகலாம்!

★ முதல் பாகம் வெளியானது 1997 அக்டோபரில். உருவாக்கியது அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருந்த ‘என்செம்பிள் ஸ்டூடியோஸ்’. வெளியிட்டது மைக்ரோசாஃப்ட். அதில் மொத்தம் 12 நாகரிகங்கள். எகிப்து, கிரேக்கம், பாபிலோன், சுமேரியா, பாரசீகம் எல்லாம் உண்டு. ரோம் மட்டும் இல்லை! அடுத்த வருஷம், 1998-ல், ‘ரைஸ் ஆஃப் ரோம்’ என்று தனி இணைப்பாகவே வந்து இறங்கியது!

★ இந்த விளையாட்டுக்கு முதலில் வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘டான் ஆஃப் மேன்’. மனிதனின் விடியல்!

★ வடிவமைப்பாளர் புரூஸ் ஷெல்லி சாதாரண ஆள் இல்லை. 1991-ல் சிட் மெயருடன் சேர்ந்து ‘சிவிலைசேஷன்’ விளையாட்டை வடிவமைத்தவர். ஒரே மனிதர், உலகப் புகழ்பெற்ற 2 சாம்ராஜ்ய விளையாட்டுகள்!

★ இப்போது பிராட்பேண்ட் இருக்கிறது. அன்று? டெலிபோன் லைனில் கீச்சு கீச்சென்று கத்தும் மோடம். வேகம் 28.8 கிலோபிட். அந்த நூல் போன்ற லைனில் 8 பேர் ஒரே நேரத்தில் மோதினார்கள்!

★ அது எப்படி முடிந்தது? படைவீரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்ற கணக்கை லைனில் அனுப்பவே இல்லை. ‘இங்கே போ’, ‘அவனை அடி’ என்று நீங்கள் போடும் உத்தரவு மட்டும்தான் போகும். அதை வாங்கிக்கொண்டு 8 கம்ப்யூட்டர்களும் தனித்தனியாக அதே போரை நடத்தும். 8 போர், ஒரே முடிவு! இந்த வித்தையை விளக்கி 2001-ல் பால் பெட்னரும் மார்க் டெரானோவும் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே நிற்கிறார்கள் 1,500 வில்லாளர்கள்!

★ அந்தக் கட்டுரையில் ஒரு மான் வருகிறது. கேளுங்கள்! வரைபடம் உருவாகும்போது ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் மான் ஒரு துளி திரும்பி நிற்கிறது. அதனால் அது மேயும் இடம் மாறுகிறது. சில நிமிஷம் கழித்து வேட்டைக்குப் போன வில்லேஜரின் ஈட்டி குறி தப்புகிறது. அவன் வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். இன்னொரு கம்ப்யூட்டரில் அதே ஆள் கறியோடு திரும்புகிறான். கணக்கு உதைத்துவிட்டது. முடிந்தது ஆட்டம்! இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு மான்!

★ நீங்கள் கிளிக் செய்ததும் வீரன் ‘சரி’ என்று உடனே குரல் கொடுப்பான். உத்தரவு உண்மையில் நிறைவேறுவது 2 சுற்று தள்ளித்தான்! ஒரு சுற்று என்பது சுமார் 200 மில்லி விநாடி. விளையாடியவர்களில் பலர் அந்தத் தாமதத்தைக் கவனிக்கவே இல்லை!

★ ‘வொலோலோ’ என்பது எதிரி வீரனை மதம் மாற்றித் தன் பக்கம் இழுக்கும் பூசாரியின் மந்திரம். இப்போது அது ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டுக்கும் குடிபெயர்ந்துவிட்டது. அங்கே ‘எவோக்கர்’ என்ற மந்திரவாதி ‘வொலோலோ’ என்பான். நீல ஆடு சிவப்பு ஆடாகிவிடும்!

★ அந்த மந்திரத்தின் பெயரிலேயே உலகப் போட்டி நடக்கிறது. ‘ரெட் புல் வொலோலோ’! 2022 அக்டோபரில் இந்த வரிசைக்கு 25 வயது நிறைந்தது. அந்த மாதப் போட்டி நடந்த இடம் என்ன தெரியுமா? ஜெர்மனியின் ஹைடல்பெர்க் கோட்டை. கோட்டை பிடிக்கும் விளையாட்டுக்கு நிஜக் கோட்டையே அரங்கம்!

★ ரகசியச் சொற்கள் ஞாபகம் இருக்கிறதா? இரண்டாம் பாகத்தில் ‘மார்கோ’ என்று தட்டினால் முழு வரைபடமும் திறக்கும். ‘போலோ’ என்று தட்டினால் மூடியிருந்த நிழல் விலகும். இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். மார்கோ போலோ!

★ ‘ஹவ் டு யூ டர்ன் திஸ் ஆன்’ என்று தட்டினால் என்ன வரும்? ஒரு ‘கோப்ரா’ ஸ்போர்ட்ஸ் கார்! வாளும் வேலும் மோதும் இடைக்காலப் போர்க்களத்தில் அது துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே பறக்கும். முதல் பாகத்தில் ‘போட்டான் மேன்’ என்று தட்டினால் கற்காலத்தில் லேசர் துப்பாக்கிக்காரன் வந்து நிற்பான்!

★ 1999 செப்டம்பரில் வந்தது இரண்டாம் பாகமான ‘ஏஜ் ஆஃப் கிங்ஸ்’. தொடக்கக் காட்சியில் 2 ராஜாக்கள் சதுரங்கம் ஆடுவார்கள். காய் நகர நகர வெளியே நிஜப் போர் மூளும். இன்று பார்த்தாலும் மயிர்க்கூச்செறியும்!

★ அதில் 13 நாகரிகங்கள் இருந்தன. அதே விளையாட்டில் 2025-ல் எத்தனை? 50!

★ ஆடு யாருக்குச் சொந்தம்? பார்த்தவனுக்குச் சொந்தம்! உங்கள் ஒற்றன் போய் நின்றால் ஆடு உங்கள் பக்கம். எதிரி ஒற்றன் வந்து கூட்டிப்போனால் அவன் பக்கம். ஓர் ஆட்டில் 100 உணவு. உலகச் சாம்பியன்களே இன்றும் ஆடு திருடுகிறார்கள்!

★ காட்டுப்பன்றி ஒன்றில் 340 உணவு. அதைப் பிடிப்பதுதான் கலை! ஒரு வில்லேஜர் தனியாகப் போவான். அம்பு விடுவான். பன்றி சீறிக்கொண்டு துரத்தும். அவன் உயிர் வெறும் 25. பன்றியின் ஒரு முட்டுக்கு 7 போகும். 4 முட்டு விழுந்தால் ஆள் காலி! திரும்பிப் பார்க்காமல் டவுன் சென்டருக்கு ஓடிவர வேண்டும். அங்கே காத்திருக்கும் கூட்டம் பன்றியைச் சாய்க்கும். மவுஸைப் பிடித்த கையில் வியர்வை வரும். அனுபவித்தவருக்குத்தான் தெரியும்!

★ அந்த 25 உயிரை 40 ஆக்க ஒரு வழி உண்டு. வாளா? கேடயமா? இல்லை. தறி! 50 தங்கம் கொடுத்து ‘லூம்’ வாங்கினால் போதும். நெசவு உயிரைக் காக்கும்!

★ 2000-ஆம் வருஷம் வந்தது ‘தி கான்கரர்ஸ்’ இணைப்பு. அதில் ஆஸ்டெக், மாயா படைகளில் ஒரு குதிரைகூடக் கிடையாது! ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுபோய் இறக்கும் வரை அந்த அமெரிக்க மக்களிடம் குதிரையே இல்லையே! அதனால் ஒற்றனும் நடந்தே போவான். அவன் பெயர் கழுகு வீரன்!

★ அதே இணைப்பில் ஸ்பெயின் நாட்டுப் பாதிரிகளில் ஒரு வகையினர் நடக்க மாட்டார்கள். கோவேறு கழுதையில் வந்து மதம் மாற்றுவார்கள்!

★ இரண்டாம் பாகத்தின் ஜோன் ஆஃப் ஆர்க் கதையில் மொத்தம் 6 கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் ஜோனே இல்லை! அவள் இறந்த பிறகு, அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே படை போராடும். போரில் வென்ற பிறகும் கண் கலங்கும்!

★ பார்பரோசா சக்கரவர்த்தி 1190-ல் ஆற்றில் மூழ்கி இறந்தார். விளையாட்டில் கதை அங்கே முடியவில்லை. அவர் உடலை ஒரு பீப்பாயில் போட்டு ஜெருசலேம் வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கதாநாயகனே பீப்பாய்க்குள்!

★ தைமூர் டெல்லியைத் தாக்கியபோது, யானைகளை விரட்ட ஒட்டகங்களின் முதுகில் வைக்கோலை ஏற்றித் தீ வைத்து ஓட்டியதாக ஒரு கதை உண்டு. வருஷம் 1398. விளையாட்டில் தாத்தார் படையில் தேடிப் பாருங்கள். எரியும் ஒட்டகம்!

★ லைட் சேபர் சுழற்றும் ஜெடாய் வீரர்களும் இந்த விளையாட்டின் இன்ஜினில் ஓடியிருக்கிறார்கள்! இன்ஜினின் பெயர் ‘ஜீனி’. 2001-ல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்: கேலக்டிக் பேட்டில்கிரவுண்ட்ஸ்’ அதில்தான் உருவானது!

★ 2007-ல் மூன்றாம் பாகத்தின் ‘ஏஷியன் டைனஸ்டீஸ்’ இணைப்பில் இந்தியா வந்தது. மற்ற நாட்டவர் பலர் மாட்டை அடித்து உணவாக்குவார்கள். இந்தியர் தொட மாட்டார்கள்! மாடுகளைத் தனித் திடலில் கட்டி வளர்ப்பார்கள். அவை சும்மா நின்றாலே ராஜ்ஜியத்துக்கு அனுபவப் புள்ளி ஏறும்!

★ என்செம்பிள் ஸ்டூடியோஸ் 2009 ஜனவரியில் மூடப்பட்டது. அவர்கள் கடைசியாகச் செய்த ‘ஹேலோ வார்ஸ்’ கடைக்கு வந்தது அதற்குப் பிறகு. விளையாட்டு பிறந்தபோது அதைப் பெற்ற நிறுவனம் இல்லை!

★ அத்தோடு கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ரசிகர்கள் விடவில்லை! ‘ஃபர்காட்டன் எம்பயர்ஸ்’ என்ற பெயரில் தாங்களாகவே புதுப் பகுதிகளைச் செய்தார்கள். 2013-ல் மைக்ரோசாஃப்ட் அதையே அதிகாரபூர்வ இணைப்பாக வெளியிட்டது. இத்தாலி, இன்கா, இந்தியா என 5 புதிய நாகரிகங்கள். ஒரு விளையாட்டை அதன் ரசிகர்களே உயிர்ப்பித்தார்கள்!

★ மூன்றாம் பாகம் 2005. நான்காம் பாகம் 2021. இடையில் காத்திருந்தது எத்தனை வருஷம்? 16!

★ அந்த நான்காம் பாகத்தில் ஓர் அற்புதம். காலம் மாற மாற வீரர்களின் பேச்சும் மாறும்! தொடக்கத்தில் பழைய ஆங்கிலம் பேசிய ஆள், யுகம் ஏற ஏறப் பிற்கால ஆங்கிலத்துக்கு வந்து சேர்வான். காதைக் கொடுத்துக் கேளுங்கள்!

★ அதே பாகத்தில் டெல்லி சுல்தானியத்துக்கு ஆராய்ச்சிகள் எல்லாம் இலவசம்! தங்கம் வேண்டாம், மரம் வேண்டாம். கொடுக்க வேண்டியது நேரம் மட்டும். அறிஞர்களை மசூதியில் அமர்த்தினால் அந்த நேரமும் குறையும்!

★ 2022 ஏப்ரல் 28. தமிழர்கள் குறித்து வைக்க வேண்டிய தேதி! அன்றுதான் இரண்டாம் பாகத்துக்கு ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ வந்தது. அதில் ‘திராவிடர்கள்’ என்று தனி நாகரிகம். அவர்களுக்கான கதாநாயகன் யார் தெரியுமா? நம்ம ராஜேந்திர சோழன்! அவன் கதைக்கு மொத்தம் 5 கட்டங்கள்!

★ திராவிடப் படையின் சிறப்பு வீரன் கையில் இருப்பது சுருள்வாள். ஆம், சிலம்பக் கூடங்களில் இன்றும் சுழற்றுகிறார்களே, அதே வளையும் வாள்! விளையாட்டில் அவன் பெயர் ‘உறுமி’ வீரன்!

★ அவர்களின் சிறப்புப் போர்க்கப்பலுக்குப் பெயர் ‘திரிசடை’. மீன்பிடிப் படகும் மற்றவர்களின் படகைவிட 15 உணவு கூடுதலாகச் சுமக்கும். கடலோடிகளுக்குக் கொடுத்த மரியாதை!

★ குதிரைமேல் வரும் ‘நைட்’ வீரன் பல நாகரிகங்களுக்கு முதுகெலும்பு. திராவிடர்களுக்கு அவன் கிடையவே கிடையாது! ஆனால் யானைமேல் வில்லாளன் உண்டு!

★ அவர்களிடம் ‘வூட்ஸ் ஸ்டீல்’ என்று ஒரு தொழில்நுட்பம் உண்டு. அதை வாங்கிவிட்டால் எதிரியின் கவசம் வாளுக்குமுன் நிற்காது! கன்னடத்தில் ‘உக்கு’, தமிழில் ‘உருக்கு’. அந்தச் சொல்தான் ஐரோப்பியர் வாயில் ‘வூட்ஸ்’ ஆனது என்பார்கள். நம் உலைக்களத்து எஃகு, உலகத்தின் கம்ப்யூட்டர்களில்!

★ 1025 வாக்கில் ராஜேந்திரனின் கப்பற்படை கடல் தாண்டி ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது. அதே சோழப் படையை இன்று நார்வேக்காரரும் பிரேசில்காரரும் நடத்துகிறார்கள். இடைவெளி சுமார் 1,000 வருஷம்!

★ 1999-ல் பிறந்த இரண்டாம் பாகம் 2023-ல் எக்ஸ்பாக்ஸுக்குப் போனது. 2025-ல் பிளேஸ்டேஷன் 5-க்கும் போய்ச் சேர்ந்தது. 26 வயதில் புது வீடு!

★ கடைசியாக ஒன்று. இதை நீங்களே செய்து பார்க்க வேண்டும். இரண்டாம் பாகத்தைத் திறங்கள். திராவிடர்களைத் தேர்ந்தெடுங்கள். ஸ்பீக்கரைக் கூட்டி வையுங்கள். அந்த 3 வில்லேஜர்களில் ஒருவரைக் கிளிக் செய்யுங்கள். அவர் உங்களுக்குத் தமிழில் பதில் சொல்வார்!