தார், ஜிம்னி பின்னால் சைக்கிள் மாட்டப் போறீங்களா? கேரியர் வாங்கும் முன் ஸ்டெப்னியைப் பாருங்கள்

பெங்களூருவிலோ ஓசூரிலோ வேலை பார்ப்பவர்களுக்குக் குப்பம் ஒரு நாள் பயணத்துக்குத் தோதான ஊர். ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தாலும் ஒரு பக்கம் தமிழ்நாடு, இன்னொரு பக்கம் கர்நாடகா. தெலுங்கு தெரியாவிட்டால் தமிழிலேயே சமாளிச்சிடலாம். நாட்றம்பள்ளியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் சாலை இருக்கிறது. வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் கிராமச் சாலைகளில் சைக்கிள் மிதிக்கலாம். ஆனால் சைக்கிளை அதுவரை எப்படிக் கொண்டுபோவது?

'பைக் கேரியர்' என்று கடையில் கேட்டால் மோட்டார் பைக்கா என்று திருப்பிக் கேட்பார்கள். நாம் இங்கே பேசுவது சைக்கிளை காரின் பின்னால் மாட்டும் கேரியர் பற்றி மட்டும். அதில் மூன்று வகை உண்டு.

விலை குறைந்தது, டிக்கி கதவின் ஓரங்களில் கொக்கி போட்டு பெல்ட்டால் இறுக்கும் வகை. செடான், ஹேட்ச்பேக் கார்களுக்கு ஓகே. தார், ஜிம்னி, கூர்க்கா போன்ற வண்டிகளில் அது உட்கார வேண்டிய இடத்தில் ஸ்டெப்னி உட்கார்ந்திருக்கிறது. தாரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கண்ணாடி தனியாக மேலே தூக்கும், கீழ்க் கதவு பக்கவாட்டில் திறக்கும். மேல் கொக்கியைக் கண்ணாடி விளிம்பில் மாட்டும் யோசனையே வேண்டாம்.

அடுத்தது ஸ்டெப்னி கேரியர். ஸ்டெப்னியைக் கழற்றி, அதன் பின்னால் ஓர் இரும்புத் தகட்டை வைத்து, மறுபடி வீலைப் பூட்டுவார்கள். தகட்டிலிருந்து நீளும் கைகளில் சைக்கிள் தொங்கும். தார், ஜிம்னிக்கு இயல்பாகப் பொருந்துவது இதுதான். ஆனால் வாங்கும்போது பெரும்பாலானோர் 'எத்தனை சைக்கிள் தாங்கும்?' என்று மட்டும் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, 'என் வண்டியின் கதவுக் கீல் எவ்வளவு தாங்கும்?'

கொஞ்சம் கணக்குப் போடுவோம். சாதாரண எம்டிபி சைக்கிள் சுமார் 14 கிலோ. இரண்டு சைக்கிள், கேரியர் எல்லாம் சேர்த்து 35 கிலோவைத் தொடும். ஸ்டெப்னியின் எடை ஏற்கெனவே கதவில் இருக்கிறது. புதுச்சுமை அதற்கும் பின்னால் தள்ளித் தொங்குவதால், கீலை இழுக்கும் விசை எடையைவிட வேகமாகக் கூடும். ஊருக்கு ஊர் இருக்கும் வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கும்போது அது இன்னும் பல மடங்காகும். கேரியர் பெட்டியில் '2 சைக்கிள்' என்று போட்டிருப்பது கேரியரின் பலம். கதவின் பலத்தை வண்டியின் கையேட்டில் பாருங்கள், இல்லாவிட்டால் ஷோரூமில் எழுத்தில் கேளுங்கள். பேட்டரி சைக்கிள் ஒன்றே 20 கிலோவைத் தாண்டும். அதைக் கதவில் தொங்கவிடாமல் இருப்பதே நல்லது.

தகடு நுழைந்த பிறகு, ஸ்டெப்னி போல்ட்டில் நட்டு முழுதாக ஏற மரை மிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நாலு சுற்று மட்டும் பிடித்தால் அந்தக் கேரியர் உங்கள் வண்டிக்கு இல்லை. கழன்று விழுந்தால் அடிபடப் போவது பின்னால் பைக்கில் வருபவர்.

மூன்றாவது, வண்டியின் அடிச்சட்டத்தில் பூட்டும் டவ் ஹிட்ச். சுமை கதவில் விழாது, பேட்டரி சைக்கிளுக்கும் தாங்கும். ஆனால் அது கீழே நீட்டிக்கொண்டிருப்பதால், பள்ளத்திலிருந்து ஏறும்போது தரையில் இடிக்கும். 4x4 வாங்கியதே அந்த மாதிரி பாதைக்குத்தானே! சட்டச் சிக்கலும் உண்டு. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. துளை போட்டு, வெல்டிங் வைத்துப் பூட்டும் கடைக்குப் போகும் முன் ஆர்டிஓவிலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள்.

போலீஸ் நிறுத்துவார்களா?

பெங்களூருவிலிருந்து கிருஷ்ணகிரி வழியாகக் குப்பம் போனால் ஒரே காலையில் மூன்று மாநிலப் போலீஸைக் கடப்பீர்கள். அவர்கள் கண்ணில் முதலில் படுவது நம்பர் பிளேட். அதுவும் பிரேக் விளக்கு, இண்டிகேட்டர்களும் மறையக் கூடாது. ஜெர்மனியில் கேரியர் பிளேட்டை மறைத்தால், அதே எண்ணுள்ள இன்னொரு பிளேட்டைக் கேரியரில் மாட்டுவார்கள். இங்கே உயர் பாதுகாப்பு பிளேட் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றுதான் தருகிறார்கள். அதனால் மறைக்காத கேரியரைத் தேடுவதைத் தவிர வழியில்லை. ஜிம்னியின் பின்விளக்குகள் பம்பரில் தாழ்வாக இருப்பதால், உயரத்தில் தொங்கும் சைக்கிள் அவற்றை மறைப்பது குறைவு. தாரில் விளக்குகள் இரு ஓரங்களிலும் உயரத்தில் இருக்கின்றன, சைக்கிள் டயர் நேராக அங்கேதான் வரும். கடையிலேயே சைக்கிளை மாட்டி, பத்தடி தள்ளி நின்று பார்த்துவிடுங்கள்.

அகலமும் கவனிக்க வேண்டியது. 29 இன்ச் எம்டிபி ஒன்றின் நீளம் ஏறக்குறைய 1.8 மீட்டர். தாரின் அகலம் 1,820 மிமீ, ஜிம்னி 1,645 மிமீ மட்டுமே. அதாவது ஜிம்னியில் டயர் இரு பக்கமும் வெளியே நீட்டும். அனுமதித்த அளவைத் தாண்டிச் சுமை நீட்டினால் 20,000 ரூபாய் அபராதம் என்கிறது 2019 திருத்தத்தில் வந்த 194(1ஏ) பிரிவு. முன்சக்கரத்தைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது, எடையும் குறையும். ஒரே ஆள், ஒரே சைக்கிள் என்றால் பின் சீட்டை மடக்கி முழு சைக்கிளையும் உள்ளேயே வைத்துவிடலாம். கேரியர் காசும் மிச்சம்.

கிளம்பி 10 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி, பெல்ட்டையும் நட்டையும் இறுக்குங்கள். சைக்கிள் மாட்டியிருக்கும்போது சரிவில் பின் கதவைத் திறக்காதீர்கள், அந்த எடையோடு கதவு தானாக வீசும். குப்பத்தைச் சுற்றியுள்ள காட்டோரச் சாலைகளில் யானை நடமாட்டம் உண்டு. அதனால் இருட்டும் முன்பே சைக்கிள்களைக் கேரியரில் ஏற்றிவிடுங்கள்.