மின்னூலுக்கும் ஓர் அடையாள எண்

பரீட்சைக்குத் தோற்றும் மாணவனுக்கு ஒவ்வொரு தடவையும் புதிய சுட்டெண் கிடைக்கின்றது. அவனுடைய தேசிய அடையாள அட்டை இலக்கமோ மாறுவதில்லை. இவ்வேற்றுமையை நன்கறிந்திருந்தும் மின்னூல் ஆக்கும் பணியில் நாம் இடறிய கதையை ஈண்டுக் கூறுவோம்.

எம் கல்லூரியின் பழைய ஆண்டு மலர் ஒன்றைக் கணினியில் எழுத்தெழுத்தாகப் பதிந்து, பாண்டொக் என்னும் மென்பொருளால் ஈபப் வடிவ மின்னூலாக மாற்றினோம். ஆவணங்களை ஒரு வடிவிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுதற்கென அம்மென்பொருளை 2006 ஆம் ஆண்டில் வெளியிட்டவர் ஜோன் மக்ஃபார்லேன் என்னும் அமெரிக்க மெய்யியற் பேராசிரியர். (தருக்கம் பயின்றோர் கணினியையும் விட்டுவைப்பதில்லை போலும்!) மாணாக்கர் நூலை வாசித்து அதிலேயே குறிப்பெழுதினர். பின்னர்ப் பிழைகள் சிலவற்றைத் திருத்தி மீண்டும் அனுப்பினோம்.

மறுநாள் ஒரு மாணவி வந்து, "சேர், புத்தகம் இரண்டாய் நிக்குது, புதுசிலை நான் எழுதின குறிப்பு ஒண்டும் இல்லை" என்றாள். கட்டுரைப் போட்டிக்காக மூன்று வாரமாய்ச் சேர்த்த குறிப்புகள் அவை. குறிப்புள்ள பிரதியில் ஓர் ஆண்டு பிழை. பிழையற்ற பிரதியிலோ குறிப்பில்லை.

குற்றம் எம்முடையதே. ஈபப் நூல் ஒவ்வொன்றின் உள்ளேயும் அடையாளக் குறி ஒன்று இருத்தல் வேண்டுமென்பது விதி. கோப்பின் பெயர் வேறு, இக்குறி வேறு. நாம் குறி கொடாதுவிடின் மென்பொருள் தானே ஒன்றை இட்டுக்கொள்ளும். பதினாறன் முறையில் அமைந்த 32 இலக்கங்களையும் 4 சிறு கோடுகளையும் கொண்ட எழுந்தமான எண் அது. மறுமுறை மாற்றும்போது வேறோர் எண் விழும். ஆகவே சில வாசிப்புச் செயலிகள் திருத்திய நூலைப் புதிய நூலென்றே கொள்கின்றன. பிள்ளை ஒன்று, பிறப்புச் சான்றிதழ் இரண்டு!

பரிகாரம் எளிது. மூல எழுத்துக்கோப்பின் தொடக்கத்தில், மும்மூன்று சிறு கோடுகளாலான இரு வரிகளுக்கிடையே நூற்பெயர், ஆசிரியர் முதலியவற்றை எழுதுகின்றோமல்லவா? அங்கேயே ஆங்கில எழுத்தில் 'ஐடென்டிபையர்' என்றெழுதி, முக்காற்புள்ளியிட்டு, நாம் தெரிந்த குறியை வைத்தல் போதும். அம்மின்னூலுக்கென ஐ.எஸ்.பி.என். பெற்றிருப்பின் அதனையே இடலாம். அம்முறை சர்வதேச நியமமானது 1970 இலேயாதலின் எம் பழைய மலருக்கு அது வாய்க்கவில்லை. கல்லூரியின் இணைய முகவரி, மலரின் பெயர், ஆண்டு ஆகியவற்றை இணைத்து ஒரு குறி வகுத்தோம். மறதிக்கு அஞ்சிக் கொப்பியொன்றிலும் எழுதிவைத்தோம்.

எழுத்துப்பிழை திருத்துவதற்காகக் குறியை மாற்றலாகாது. திருத்திய நாள் நூலினுள் தனியே பதிவாகும். புதிய கட்டுரைகள் சேர்ந்து பதிப்பே வேறாயின் புதுக்குறி வேண்டும். ஒரேயொரு படம் சேர்ந்தால்? எம் நூலகருக்கும் எமக்கும் இவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

அம்மாணவியும் நாமுமாக ஒரு சனிக்கிழமை முழுவதும் இருந்து குறிப்புகளைத் திருத்திய பிரதிக்கு ஏற்றினோம். அவளுடைய கட்டுரையில் அப்பிழையான ஆண்டு இரண்டிடங்களில் இருந்தது. அனுப்புமுன் இரண்டையும் வெட்டினாள்.